ஒரு கும்பாவில் முழுச் சாப்பாடு: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத்தின் மீன்வளம், சமூக நலம், வேளாண்மை, மக்கள் நல்வாழ்வுத் துறைகளின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

விளவங்கோடு வட்டத்தில் முப்பத்தோராண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு எடை பார்த்ததும், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்த்ததுமாகக் கழிந்த அந்த ஆண்டுகளின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சமைக்க நேரமோ உடல் வலுவோ துணையோ இல்லாத மக்கள் நாள்தோறும் ஒரு வேளையாவது நம்பிச் சாப்பிடக்கூடிய, எல்லாச் சத்தும் அளவோடு ஒரே கும்பாவில் சேர்ந்திருக்கும் ஓர் உணவை, நம் ஊரின் அரிசியிலிருந்தும் பயற்றிலிருந்தும் மீனிலிருந்தும் மாவட்ட நிர்வாகமே முன்னின்று வடிவமைக்க வேண்டும் என்பதுதான் அது.

இதை யாருக்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை (எங்கள் பேச்சில் கொல்லாங்கொட்டை) உடைக்கும் ஆலைக்கு, வேலைக்குப் போகும் பெண்களின் மதியச் சாப்பாட்டைப் பல முறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கொல்லாங்கொட்டையின் தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் விரல்களை அரித்து நகக்கண் வரை கறுப்பேற்றிவிடும். சாம்பலைத் தேய்த்தாலும் சோப்பைப் போட்டாலும் அந்தக் கறை ஒரே நாளில் போவதில்லை. ஒரு பெண், கறை பட்ட கையால் சோற்றைப் பிசைய மனமில்லாமல், தூக்குவாளியிலிருந்ததை ஒரு சிறிய கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளியில் இருந்தது வெள்ளைச் சோறும் தேங்காய்த் துவையலும் ஒரு துண்டு ஊறுகாயும்தான். காலை நான்கரை மணிக்கு எழுந்து வீட்டில் எல்லாருக்கும் ஆக்கி வைத்துவிட்டு வந்தவர் அவர். மீன் கறி பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போய்விட்டது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். இத்தகைய பெண்களிடம் 'கீரை சாப்பிடுங்கள், பருப்பு சாப்பிடுங்கள்' என்று முப்பது ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். கீரையை ஆய்வதற்கு அவர்களுக்கு நேரம் எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தவர்கள், தனியே இருக்கும் முதியோர். பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக வாழும் அப்பச்சிகளும் அம்மச்சிகளும் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. பணத்துக்குக் குறைவிராது. ஆனால் ஒருவருக்காக அடுப்பு மூட்டுவதற்கு மனம் வராது. காலையில் ஒரு கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) இரண்டு ரஸ்க்கும், மதியம் முந்தின நாள் சோறு, இரவு மறுபடியும் சாயா. அப்படி இருந்த ஒரு பெரியவருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் டப்பாவில் அடைத்த புரதப் பொடி எழுதிக் கொடுத்தார்கள். மாத ஓய்வூதியத்தில் நல்லதொரு பங்கு அதற்கே போனது. பதினைந்து நாளில் அதன் இனிப்பு அவருக்குத் திகட்டிவிட்டது, டப்பா அலமாரிக்குள் போய்விட்டது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு எடுக்க வேண்டும், எதற்காக என்று ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போய்ப் பால் வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் வாயில் எதையாவது போடும் தொழிலாளர்களும், தூத்தூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் படகிலேயே தங்கி மீன்பிடிக்கும் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். கடலில் போகிறவர்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை, அரிசிக்கும் பஞ்சமில்லை. முதல் வாரத்திலேயே காய்கறி தீர்ந்துவிடுவதுதான் அவர்களுடைய குறை. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசிந்து கிடந்த மாலுமிகளில் சிலருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்து, அவர்களே விரைவில் எழுந்து நடந்தார்கள் என்று கண்ட செய்தி, நம் விசைப்படகின் சமையல் மூலைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் சொல்வேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, திசை தெரியாத கடலில் நாள்கணக்கில் தவித்துக் கரை சேர்ந்தவர்களை நாம் பார்த்தோம். அடுப்பே இல்லாமல், கொஞ்சம் தண்ணீரில் கரைத்தோ வெறுமனேயோ உண்ணக்கூடிய ஒரு முழு உணவு ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டி இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

ஒரே உணவில் எல்லாச் சத்தையும் அடக்குவது புதிய எண்ணம் இல்லை. அமெரிக்காவில் ராப் ரைன்ஹார்ட் என்ற மென்பொருள் பொறியாளர் 2013-இல், உடலுக்கு வேண்டிய சத்துகளைத் தனித்தனிப் பொடிகளாக வாங்கிக் கலந்து, ஒரு மாதம் அதையே குடித்துப் பார்த்து, பிறகு சாய்லன்ட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடங்கிய மூன்றாம் நாளே அவருக்கு நெஞ்சு படபடத்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தபோது இரும்புச்சத்தை அடியோடு விட்டுவிட்டது தெரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வசதியுள்ள இளைஞர் ஒருவர் தம் உடலில் தாமே செய்துபார்த்து மூன்றாம் நாளில் திருத்திக்கொண்ட பிழை அது. அண்டியாபீஸ் பெண்ணின் உடலில் அதே பிழை இருபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் வைத்துச் செய்துபார்க்கும் ஆர்வம் மட்டும் இதற்குப் போதாது, அளந்து பார்க்கும் நிறுவனங்கள் பின்னால் நிற்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அரசுகளும் ஆய்வாளர்களும் செய்தவற்றில் இரண்டு என் மனத்தில் நிற்கின்றன. குவாத்தமாலாவில் 1949-இல் தொடங்கிய ஊட்டச்சத்து நிறுவனம், மக்காச்சோளமும் பருத்திவிதை மாவும் சேர்த்து இன்காபரினா என்ற சத்துமாவை உருவாக்கியது. அங்குள்ள மக்கள் ஏற்கெனவே காலங்காலமாகக் குடித்து வந்த சோளக் கஞ்சியைப் போலவே அதையும் காய்ச்சிக் குடிக்க முடிந்ததால் அது வீடுகளுக்குள் நுழைந்தது. பிரான்சில் 1996-இல் ஆந்த்ரே பிரியான் என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியில் உருவான நிலக்கடலைப் பசை, கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கானது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை என்பதால் கெட்ட தண்ணீரால் வரும் நோய்க்கு அதில் இடமில்லை. முதலாவது நாவின் பழக்கத்தை மதித்தது; இரண்டாவது, அதை உண்ணப்போகும் குழந்தையின் வீட்டில் என்ன இல்லை என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்டது. நம்முடைய உணவுக்கு இரண்டு குணமும் வேண்டும்.

வயிறு நிறைவதும் உணவு முழுமையாவதும் வேறு வேறு என்பதை நம் மண் ஒரு முறை கண்டிருக்கிறது. இன்றைய குமரி மாவட்டம் தென் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் மரச்சீனிப் பயிரை (மரவள்ளிக் கிழங்கு) ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது அந்தக் கிழங்குதான் இந்த மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது. என் ஆத்தா அந்த நாள்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரச்சீனியை ஒரு தெய்வத்தின் பெயரைப் போலத்தான் சொல்வார். ஆனால் பச்சைக் கிழங்கு 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அதோடு, சயனைடை வெளியிடும் பொருள் அதில் இயல்பாகவே உண்டு. வேகவைத்த தண்ணீரை வடித்து ஊற்றிவிடும் நம் வீட்டுப் பழக்கத்தால் அதில் கணிசமான பகுதி போய்விடுகிறது, மிச்சத்தை உடல் முறித்துத் தள்ளுவதற்குக் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் (புரதத்தின் கூறுகள்) வேண்டும், அவை மீனில் தாராளமாக இருக்கின்றன. மரச்சீனிக்குச் சாளைக் கறியைத் துணை சேர்த்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். அந்தச் சேர்க்கையின் பொருத்தம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சாளை வாங்க முடியாத வீடுகளில் கிழங்கு மட்டும் இருந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

ஆகவே நான் முன்வைக்கும் உணவின் அடித்தளம் கஞ்சியும் பயறும்தான். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு சமையல் தராசு வாங்கி, என் அம்மா காய்ச்சிய முறையிலேயே ஒரு கும்பாக் கஞ்சியை நிறுத்துப் பார்த்தேன். சிவப்புச் சம்பாப் புழுங்கலரிசி 100 கிராம், சிறுபயறு 50 கிராம், துருவிய தேங்காய் 30 கிராம், முருங்கை இலை 25 கிராம், நெத்தோலிக் கருவாடு 10 கிராம். கணக்குப் போட்டால் சுமார் 650 கிலோகலோரியும் 25 கிராம் புரதமும் வருகின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையும் நடுத்தர உழைப்பும் உள்ள ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 2,130 கிலோகலோரி வேண்டும். புரதம் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது சுமார் 46 கிராம். ஒரு கும்பாவிலேயே புரதத்தில் பாதிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறு ஈடுகட்டுகிறது. பயற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை அரிசியும் கருவாடும் ஈடுகட்டுகின்றன. புழுங்கலரிசி என்பதாலும் ஒரு நன்மை உண்டு: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய், மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகியிருக்கிறது.

ஆனால் இரும்புச்சத்தைக் கூட்டியபோது என் கை நின்றுவிட்டது. அந்தக் கும்பாவில் எல்லாம் சேர்ந்து 6 மில்லிகிராம் தேறுவதே அரிது. பெண்ணுக்கு நாளுக்கு வேண்டியது 29 மில்லிகிராம், மூன்றில் ஒரு பங்கு என்றாலும் 10-ஐ நெருங்க வேண்டும். அதிலும் பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் முழுவதுமாக எடுத்துக்கொள்வதில்லை. உண்ட கையோடு கட்டன் சாயா குடித்தால் எடுத்துக்கொள்வது இன்னும் குறையும். சுண்ணாம்புச் சத்தும் இப்படித்தான்: முள்ளோடு தின்னும் நெத்தோலி இருக்கும் வரை கணக்கு ஓரளவு தேறுகிறது, கருவாட்டை எடுத்துவிட்டால் 150 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை, நாளுக்கு வேண்டியதோ 1,000. நாம் எல்லாரும் புரதம் புரதம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடையில் விற்கும் டப்பாக்களும் அதையேதான் பெரிய எழுத்தில் போடுகின்றன. நம் பெண்களுக்குக் குறைவது பெரும்பாலும் அங்கே இல்லை என்பது, அந்த ஒரு கும்பாவை நிறுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகிவிட்டது.

அரிசியில் 40 கிராமைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் முளைகட்டி வறுத்த கேழ்வரகைச் சேர்த்தால் சுண்ணாம்பு மேலும் 140 மில்லிகிராம் அளவுக்குக் கூடும், இரும்பும் கொஞ்சம் ஏறும். பயற்றையும் முளைகட்டினால் இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் குறையும். அதற்கு மேல் உள்ள இடைவெளியை இயற்கைப் பொருளால் மட்டும் அடைத்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு சேர்க்க விதி இருக்கிறது. அதைப்போல நம் மாவிலும் அளவோடு சேர்க்க வேண்டும். 'மருந்து கலந்த சோறு' என்ற அச்சம் மக்களிடம் இருக்கிறது. அதை மறைத்துச் செய்வதைவிட, எவ்வளவு சேர்க்கிறோம், ஏன் சேர்க்கிறோம், தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏன் சாப்பிடக்கூடாது என்று பொட்டலத்தின் மேலேயே தமிழில், முதியோர் படிக்கும் பெரிய எழுத்தில், எழுதிவிடுவதுதான் முறை.

நானே ஒரு முறை இந்த மாவைச் செய்து பார்த்தேன். தோற்ற இடங்களைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன். அரிசி, கேழ்வரகு, பயறு, நிழலில் உலர்த்திய முருங்கை இலை, வறுத்த தேங்காய், கருவாட்டுப் பொடி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தேன். அது இடவப்பாதி மழைக்காலம். ஆறாம் நாள் மாவை விரலால் அழுத்தினால் கட்டி கட்டியாக ஒட்டியது. பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தபோதே காறல் வாடை முகத்தில் அடித்தது. ஈரம் வெளியிலிருந்து ஏறியதோடு, தேங்காயின் கொழுப்பும் மீனின் கொழுப்பும் உள்ளேயே கெட்டுவிட்டன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது; வறண்ட ஊரின் கிடங்கில் ஆறு மாதம் தாங்குகிற மாவு இங்கே ஆறு வாரம் தாங்கும் என்று நம்ப முடியாது. இரண்டாம் தடவை தேங்காயையும் மீனையும் மாவிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மாவு மழையிலும் ஒன்றரை மாதம் கெடவில்லை.

அதைக் காலையும் இரவும் இருபத்தொரு நாள் குடித்தேன். முதல் வாரம் உடம்புக்கு இதமாகவே இருந்தது. இரண்டாம் வாரம் நடுவில், கும்பாவைப் பார்த்தாலே வயிறு திரும்பியது. துவையலை நாளுக்கொன்றாக மாற்றிக்கொண்ட பிறகுதான் மிச்ச நாள்களைக் கடக்க முடிந்தது. எனவே மூன்று வேளையும் இதையே உண்ண வேண்டும் என்று யாரையும் சொல்லும் திட்டமாக இது போய்விடக்கூடாது. ஒரு வேளை இது முழுமையாக இருக்கட்டும். மற்ற இரண்டு வேளையில் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததை, கிடைத்ததை, அடுத்தவர் கொடுத்ததை உண்ணட்டும்.

அந்தத் தோல்விகளிலிருந்து எனக்குத் தோன்றிய வடிவம், ஓர் அடிப்படை மாவும் கூடவே சிறு துணைப் பொட்டலங்களும் ஆகும். அடிப்படை மாவு எல்லாருக்கும் ஒன்றே: புழுங்கலரிசி, கேழ்வரகு, பயறு, முருங்கை இலை, அளவான செறிவூட்டல், அயோடின் உப்பு. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் கஞ்சியாக வேண்டும், கரண்டியால் உண்ணவும் தம்ளரில் குடிக்கவும் ஏற்ற பதத்தில் இருக்க வேண்டும்; அண்டியாபீஸ் பெண்ணின் கறை பட்ட விரலும் பல் போன முதியவரின் வாயும் அந்தப் பதத்தைத் தீர்மானிக்கட்டும். நெத்தோலிப் பொடி தனிப் பொட்டலம். பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் கிடையாது, மீனில் உண்டு என்பதால் அது முக்கியம்; மீன் உண்ணாதவர்களின் பொட்டலத்தில் பி12-ஐ வேறு வழியில் சேர்க்க வேண்டும். கடற்கரை மணலில் விரித்துக் காயப்போட்ட கருவாடு இதற்கு உதவாது. உயர்த்திக் கட்டிய பரணில், உப்பிடாமல் காய்ந்த சிறு நெத்தோலி வேண்டும். மூன்றாவது பொட்டலம் நெல்லிக்காய்ப் பொடி, குறிப்பாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு. வைட்டமின் சி இருந்தால் கஞ்சியிலுள்ள இரும்பும் நன்றாக உடலில் சேரும். கொழுப்புக்கு, உண்ணும் நேரத்தில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ ஒரு பிடி தேங்காய்த் துருவலோ அவரவர் வீட்டிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். கரையில் இருப்பவர்கள் கூடவே ஒரு மட்டிப் பழமும் சாப்பிட்டால் நல்லது. படகில் அடுப்பில்லாத நேரத்துக்கு, இதே மாவைக் கருப்புக்கட்டிப் பாகில் பிடித்து உருண்டையாக்கும் வழியையும் ஆராய வேண்டும். எனக்கு அது சரியாக வரவில்லை, பாகின் பதம் மழைநாளில் இளகிவிட்டது.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இந்தக் கஞ்சி இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்காமல் ஒரு பொட்டலம்கூட வெளியே போகக்கூடாது. நைசாக அரைத்த மாவு வேகமாக ஏற்றும்; கொரகொரப்பாக உடைத்த நொய் அதைவிட மெதுவாக ஏற்றும் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் அது ஐந்து நிமிடத்தில் வேகாது. இந்த இழுபறியை என் அடுப்படியில் தீர்க்க முடியவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் கட்டுப்பாட்டுக்குரியவை. அவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இதற்கான அறிவு எங்கோ தூரத்தில் இல்லை. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. மதுரையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி (முன்பு மனையியல் கல்லூரி) இருக்கிறது. மீனைப் பொடியாக்கிக் கெடாமல் வைக்கும் நுட்பத்துக்குக் கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கேட்கலாம். அங்கன்வாடிகளில் சத்துமாவு கொடுத்துப் பழகிய மாநிலம் நம்முடையது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தையும் 2022-இல் காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கிய மாநிலம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் யோசித்த அளவுக்கு, நாற்பத்தைந்து வயதில் அண்டி உடைக்கும் பெண்ணுக்கும் எழுபத்தெட்டு வயதில் தனியே இருக்கும் அம்மச்சிக்கும் நாம் யோசிக்கவில்லை என்பதே என் வருத்தம்.

மாவை அரைப்பதும் பொட்டலமிடுவதும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கையில் இருக்கட்டும். ஈரப்பதம், பூஞ்சை நச்சு, இரும்பின் அளவு ஆகியவற்றை ஒவ்வொரு தடவை அரைத்த மாவிலும் சோதிக்கும் பொறுப்பு அரசின் ஆய்வகத்துக்கு இருக்கட்டும். விலை, ஒரு சாயாவுக்கும் இரண்டு வடைக்கும் அண்டியாபீஸ் வாசலில் கொடுக்கும் காசைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்தப் பெண் வாங்கமாட்டார், வாங்கினாலும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் முதல் சோதனையைத் தொடங்கலாம்: ஆழ்கடல் தொழிலாளர்கள் ஊரில் இருப்பார்கள், நாக்குக்குப் பிடிக்கிறதா என்று கேட்கலாம், மழையும் உச்சத்தில் இருக்கும் என்பதால் மாவு தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஓர் அண்டியாபீஸ், ஒரு ரப்பர் தோட்டம், ஒரு கடற்கரைக் கிராமம், தனியே வாழும் முதியோர் ஐம்பது பேர் என்று எடுத்துக்கொண்டு, தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, முடிவு எதுவானாலும் மக்கள் முன் வையுங்கள். எடை பார்க்கவும், வீடு வீடாகப் போய் யார் சாப்பிட்டார்கள், யார் ஒதுக்கி வைத்தார்கள் என்று கேட்டு எழுதவும் என்னைப் போல் ஓய்வு பெற்ற செவிலியர் பலர் ஊதியமின்றி வருவோம். நான் இதுவரை நிறுத்து எழுதிய இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் கொண்டு வருகிறேன்; எந்த நாள், எந்த நேரம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.